தாம்பூலப் பையும் 1,500 கோடியும்

ரஜினிகாந்துக்கு என்னத்துக்குலே மூஞ்சி பச்சையா இருக்கு? மஞ்சக்காமாலை கேட்டிருக்கேன், இது புதுசால்லா இருக்கு. மீசை ஆரஞ்சு, கண்ணாடி ஊதா, பின்னால ரோஸ். ஓகோ, பாப் ஆர்ட்டா? கொள்ளாம் மக்கா, கொள்ளாம். உங்க அம்மை வயலை ஒத்திக்கு வச்சு மெட்ராஸுக்கு அனுப்பினது வீண்போகல்லை. இரி, படிப்புரையில நல்ல காத்து வருகு. அந்த வெத்திலைச் செல்லத்தை இங்க நீக்கி வச்சுட்டு நான் சொல்லுகதைக் கேளு. துட்டு ஒண்ணும் வேண்டாம்.

பாட்டாவுக்கு ஒரு எளவும் தெரியாதுன்னுதானே நெனச்சே? ஆண்டி வார்ஹோலை எனக்குத் தெரியும்டே. போன பொங்கலுக்கு நீ வந்து அவன் பேரை மூச்சுக்கு மூச்சு சொல்லிட்டுப் போன பொறவு, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பிடிச்சு உக்காத்தி, போனுல உள்ளதையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு வச்சிருக்கேன். படிச்ச ஆளுககிட்ட பேசணும்னா கொஞ்சம் கோப்பு வேணும்லா.

மேப்படியான் 1928-ல பிட்ஸ்பர்க்குன்னு ஒரு இரும்பு உருக்குற ஊருல பொறந்தவன். அப்பனும் அம்மையும் இப்போ சுலோவாக்கியான்னு சொல்லுகாளே, அந்தப் பக்கத்து மலைக்கிராமத்துல இருந்து பொழைக்கப் போனவங்க. சின்ன வயசுல அம்மை கையைப் பிடிச்சுக்கிட்டு ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போவானாம். அவங்க கிழக்கத்திய முறைக் கத்தோலிக்கர். பலிபீடத்துக்கு முன்னால மறைப்பு மாதிரி ஒண்ணு நிக்கும், அதுல புனிதர்மார் படமெல்லாம் வரிசையா அடுக்கி இருக்கும். எல்லாரும் நேரே உன்னையே பாப்பாங்க. நாகர்கோவில் கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாக் கூட்டத்துல நின்னு பழகின நம்ம ஊருக்காரனுக்கு இதை விளக்கணுமா? சின்னதுல பாத்த பொன்னு நெறத்தை அவன் மறக்கல்லை. 1962-ல ஒரு பெரிய கான்வாசு பூராவும் பொன்னு நெறம் அடிச்சு, நடுவுல மர்லின் மன்றோ மூஞ்சியை மட்டும் ஒத்தையா வச்சான். சிலுவைதான் பாக்கி. அந்தப் படம் இப்போ நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துல இருக்கு.

அவன்கிட்ட நீ முதல்ல படிக்க வேண்டியது என்னன்னு கேட்டா, நேரம் பாக்க. மர்லின் செத்தது 1962 ஆகஸ்ட் 4 ராத்திரி. வயசு 36. இவன் அந்த மாசமே சோலியை ஆரம்பிச்சுட்டான். நம்ம கணக்குல சஞ்சயனம் கழிஞ்சு பதினாறடியந்திரத்துக்குக் காய்கறி எழுதிக்கிட்டு இருப்போம், அந்தச் சமயம். ஊரு பூரா பேப்பரைத் தொறந்தா அவ மூஞ்சிதான். இவன் போயி ‘நயாகரா’ன்னு 1953-ல வந்த படத்துக்கு ஜீன் கோர்ன்மன்னு ஒருத்தன் எடுத்த விளம்பர ஸ்டில்லு ஒண்ணைச் சம்பாதிச்சான். கழுத்துக்குக் கீழே வெட்டித் தள்ளினான். வரைஞ்சானா? இல்லைடே. அச்சடிச்சான்!

எதுல அடிச்சான் தெரியுமா? பட்டுத் திரையில. பேரைக் கேட்டு வாயைப் பொளக்காதே. வடசேரியில தாம்பூலப் பை அடிக்கான்லா, அதே ஸ்கிரீன் பிரிண்டிங்குதான். போயிப் பாரு. மரச்சட்டத்துல துணியை முரசு கணக்கா இழுத்து அடிச்சிருப்பான். அதுல மருந்தைத் தடவி, இருட்டுல காயவச்சு, பிலிமை வச்சு வெளிச்சம் காட்டி, தண்ணி விட்டுக் கழுவினா எழுத்து உள்ள இடம் மட்டும் கண்ணு தொறக்கும். மேல மையைக் கொட்டி ரப்பர் கட்டையால ஒரே இழுப்பு. ‘நன்றி, வணக்கம்’ ரெடி. ஒரு நாளைக்கு ஆயிரம் பை அடிக்கச் சொன்னாலும் அடிப்பான். மேப்படியானும் முடிக்கு மஞ்சளு, கண்ணு இமைக்கு நீலம், உதட்டுக்குச் செவப்புன்னு முதல்ல கான்வாசுல திட்டுத் திட்டாத் தேச்சு வச்சுக்கிட்டு, அதுக்கு மேல கறுப்பு மையில போட்டோவை இறக்கினான். ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு சரியா உக்காரல்லை. குண்டும் குழியுமா உள்ள ரோட்டுல ஓடுக பஸ்ஸுல இருந்து சாந்துப் பொட்டு வச்ச கணக்கா, உதட்டுச் சாயம் உதட்டைத் தாண்டி நிக்கும்.

வடசேரிக்காரன் மாப்பிள்ளை பேரை அரை இஞ்சு விலக்கி அடிச்சிருந்தா சம்பந்தக்காரன் பையைத் தூக்கி மூஞ்சியில எறிஞ்சிருப்பான். இவன் அப்படியே விட்டான். தெரிஞ்சுதான் விட்டான்னு நெனைக்கேன். ஏன்னா அந்த அரை இஞ்சு இடைவெளியிலதான் சங்கதியே கிடக்கு. சாயம் ஒரு பக்கம், மூஞ்சி ஒரு பக்கம். உன் கம்ப்யூட்டரு இருக்கே, அது ஒரு நூலு பெசகாம வரம்புக்குள்ளே நெறத்தை அடைச்சுத் தருகு. உன் ரஜினி பள்ளிக்கூடப் பிள்ளை கலரடிச்ச தேசப்படம் மாதிரி ஒழுங்கா இருக்கதுக்கு அதாக்கும் காரணம்.

அவன் அத்தோட விடல்லை. அதே வருஷம் ரெண்டு பலகையில மர்லினை 50 தடவை அடிச்சான். இடது பக்கம் 25 மூஞ்சி கலர்ல. வலது பக்கம் 25 வெறும் கறுப்புல. கறுப்புப் பக்கத்துல மை சில இடத்துல அப்பிக் கிடக்கும், போகப்போக மங்கிக் கடைசியில ஆளே இல்லாத மாதிரி ஆயிரும். லண்டன்ல டேட்டு மியூசியத்துக்காரங்க 1980-ல வாங்கி வச்சிருக்காங்க. போனுல பாத்தேன். களியாக்கிப் பேசுகேன்னு நெனைக்காதே, எனக்கு அது பிடிச்சுது. ரப்பர் கட்டையில மை தீந்துபோனதை எல்லாவனும் பாத்திருக்கான். அதைச் சாவுன்னு கண்டவன் அவன்தான்.

இனி துட்டுக் கணக்குக்கு வாறேன், உனக்குக் காதைத் தீட்டுமே. 1964-ல இன்னும் கொஞ்சம் மர்லின் அடிச்சு, தொழிற்சாலைன்னு பேருவச்ச பட்டறையில சொவருல சாச்சு வச்சிருந்தான். டோரதி பாட்பர்னு ஒருத்தி வந்து ‘ஷூட்’ பண்ணட்டுமான்னு கேட்டிருக்கா. போட்டோதான் எடுக்கப் போறான்னு இவன் தலையை ஆட்டினான். அவ கையுறையைக் கழட்டினா, பையில இருந்து துப்பாக்கியை எடுத்தா, படத்து மேலேயே ஒண்ணு போட்டா. நம்ம ஊருன்னா போலீசுக்குப் போவோம். அங்க ‘சுடுபட்ட மர்லின்’னு அந்த வரிசைக்கே பேரு வச்சுட்டாங்க. அதுல ஒண்ணு 2022 மே 9-ந்தேதி கிறிஸ்டி ஏலத்துல 19 கோடியே 50 லட்சம் டாலருக்குப் போச்சு. அன்னைக்கு நம்ம பணத்துக்கு 1,500 கோடி. நாப்பது இஞ்சுக்கு நாப்பது இஞ்சுப் படம். வயலைச் சென்டு கணக்குல வித்த கையில்லா, எனக்கு விரலு சும்மா இருக்கல்லை. சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 135 கோடி வருகு. செட்டிகுளம் ஜங்ஷன்ல ரோட்டோரத்து மனைக்குக்கூட அந்த வெலை சொல்ல ஒரு புரோக்கருக்கும் வாய் வராது.

சதுர அடின்னதும் எனக்கு வேற ஓர்மை வந்துட்டு. விடலையா இருக்கச்ச கொஞ்ச காலம் நான் பேனர் பட்டறையில எடுபிடியா நின்னிருக்கேன், உங்க அம்மைக்கே தெரியாது. ஓவியருக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. எனக்கு அதுவும் இல்லை, சாயாவும் ஓசியில சினிமாவும். வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி, வெள்ளைப் பொடியைக் கலக்கித் துணிக்குப் பூசுகது என் சோலி. நாத்தம் கொடலைப் பிடுங்கும். துணி காஞ்ச பொறவு ஓவியரு வருவாரு. கையகலத்து ஸ்டில்லுல பென்சிலால கட்டம் போட்டிருப்பாரு, துணியிலயும் நூலுல நீலத்தைத் தேச்சு இழுத்து விட்டுக் கட்டம் போடுவாரு. இந்தக் கட்டத்துல உள்ள மூக்கு அந்தக் கட்டத்துல, அம்புட்டுதான். பொறவு கலரு பாக்கணும் நீ! கன்னத்துக்கு ரோஸ், தாடைக்குக் கீழே பச்சை, மூக்குக்குப் பக்கத்துல ஊதா, நெத்தியில ஒரு மஞ்சக் கீத்து. ஏணியில பக்கத்துல நின்னு பாத்தா ஒரே கலவரமா இருக்கும். ரோட்டைக் கடந்து சாயாக்கடை வாசல்ல நின்னா எம்.ஜி.ஆர். சிரிப்பாரு. பச்சை மூஞ்சியை நீ கண்டுபிடிச்சதா நெனச்சியே, அதுக்காச் சொல்லுகேன்.

அளவுல நம்மாளுககிட்ட அவன் நிக்கவே முடியாது. 1957-ல ‘வணங்காமுடி’ வந்தப்போ மெட்ராஸ்ல மோகன் ஆர்ட்ஸ்காரங்க சிவாஜிக்கு எண்பது அடியில கட்-அவுட் நிறுத்தினாங்கன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. அந்தச் சமயம் மேப்படியான் நியூயார்க்குல ஒரு செருப்புக் கம்பெனிக்கு விளம்பரத்துல பொம்பளைச் செருப்பு வரைஞ்சுகிட்டு இருந்தான். நல்லா வரைவான், அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா எண்பதடி சிவாஜி இப்போ எங்கே? படம் மாறினா துணிக்கு மேல வெள்ளையை அடிச்சுருவோம்லே. நானே அடிச்சிருக்கேன். ஒருத்தரு மூஞ்சிக்கு மேல இன்னொருத்தரு மூஞ்சி. கடைசியில அந்தத் துணி எவன் வீட்டுக்காவது மழைக்குப் படுதாவாப் போவும். 135 கோடி தருகேன்னு எவனும் வரல்லை.

வரவே இல்லைன்னும் சொல்ல முடியாது. பிரெமிந்தா ஜேக்கப்னு ஒரு அம்மா பேனரையும் கட்-அவுட்டையும் ஆராய்ச்சி பண்ணி 2009-ல தடிப்பொஸ்தகம் போட்டிருக்கா. நம்ம பூதப்பாண்டிக்காரரு ஓவியர் ஜீவா, கோயம்புத்தூருல பேனர் வரைஞ்சு வளர்ந்தவரு, சினிமாவைப் பத்தி ‘திரைச்சீலை’ன்னு எழுதி தேசிய விருதுக் கமிட்டியில பாராட்டு வாங்கினாரு. ஆனா அதுக்குள்ள பிளெக்ஸ் மெசினு வந்து தூரிகையெல்லாம் பரண்ல ஏறியாச்சு. பேனர் வரைஞ்ச கையில ஒரே ஒருத்தருக்குத்தான் பெரிய யோகம் அடிச்சுது. அவரு உசேன். பம்பாய்ல சினிமாப் பலகைக்குச் சதுர அடிக் கூலியில வரைஞ்சு தொடங்கினவரு. எண்பது வயசுப் பக்கம் மாதுரி தீட்சித் நடிச்ச ஒரு படத்தை அறுபது தடவைக்கு மேல பாத்தாராம். பொறவு அந்தப் பிள்ளையை வரைஞ்சு வரைஞ்சு தள்ளினாரு, 2000-ல ‘கஜகாமினி’ன்னு சினிமாவே எடுத்தாரு. எண்பதுல நான் அப்படி அறுபது தடவை கொட்டகைக்குப் போனா உங்க பாட்டி வாரியலை எடுப்பா. கலைன்னு பேரு வந்துட்டா எல்லாத்துக்கும் மன்னிப்பு உண்டு, பாத்துக்கோ.

ஒரே மூஞ்சியை ஆயிரம் அடிக்கதும் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நீ காலேஜுல எழுதிக் குடுத்துராதே. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூரு பக்கம். அந்தத் திருவிதாங்கூருக்காரரு கிளிமானூர் ரவிவர்மா 1894-லேயே பம்பாய்ப் பக்கம் அச்சகம் போட்டு லட்சுமியையும் சரஸ்வதியையும் கலருக்கு ஒரு கல்லுன்னு வச்சு அடிச்சுத் தள்ளினாரு. பொறவு கோயில்பட்டி கொண்டையராஜு வரைய, சிவகாசிக்காரன் காலண்டரா அடிக்க, நம்ம வீட்டுச் சொவரு நெறைஞ்சுது. சாமிக்கு ஒரு மூஞ்சின்னு ஊரெல்லாம் ஒத்துக்கிட்டதே அந்தப் படங்களாலதான். நடிகன் மூஞ்சியும் அப்படித்தான் நடையேறுகு.

சரி, இனி காரியத்துக்கு வா. ரஜினியை விடு. அவரு இன்னும் சூடா இருக்காரு, எல்லாவனும் வரையுகான். உனக்கு நான் ஒரு மூஞ்சி தருகேன். ஒழுகினசேரிக்காரரு, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

சிரிக்காதே. மணிமேடைச் சந்திப்புல சிலையா நிக்காரு. நவம்பர் 29 பொறந்த நாளுக்கும் ஆகஸ்ட் 30 நினைவு நாளுக்கும் மாலை போட வாறாங்க. மத்த நாளு மனுஷன் டிராபிக்கைப் பாத்துக்கிட்டு நிக்கணும். அந்தச் சிலையைத் தாண்டி நீ எத்தனை தடவை பைக்குல போயிருப்பே? மூக்கு எப்படி இருக்கும்னு சொல்லு பாப்போம். முடியாதுல்லா? பாத்துப் பாத்துக் கண்ணுக்குத் தெரியாமப் போன மூஞ்சிதான் பாப் ஆர்ட்டுக்குத் தோது. அவன் சூப்பு டப்பாவை 32 பலகையில வரைஞ்சு வச்சதும் அதுக்குத்தான். எதையெல்லாம் தெனம் பாத்தும் பாக்காம இருக்கோமோ, அதுல கையை வச்சான்.

இன்னொரு காரணமும் இருக்கு. 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வந்துது. தியாகராஜ பாகவதரு கதாநாயகன், கூட நம்மாளும் அவரு பெண்சாதி மதுரமும். அடுத்த மாசம் சினிமாக்காரங்களைக் கிழிச்சு எழுதின பத்திரிகைக்காரன் லட்சுமிகாந்தனை வேப்பேரியில வச்சுக் குத்திப் போட்டாங்க. டிசம்பர்ல அந்தக் கொலைக் கேஸுல பாகவதரும் கலைவாணரும் கைது. 45-ல ஆயுள் தண்டனை. மேல்முறையீடு பிரிவி கவுன்சில் வரைக்கும் போயித் திரும்பி, 47 ஏப்ரல்லதான் ரெண்டு பேரும் குத்தம் இல்லைன்னு வெளியே வந்தாங்க. அந்தக் காலத்துல முக்காவாசியும் மெட்ராஸ் பிராட்வே கொட்டகையில ‘ஹரிதாஸ்’ ஓடிக்கிட்டே இருந்துது. மூணு தீபாவளி கண்ட படம். யோசிச்சுப் பாருலே. கொட்டகை வாசல்ல பாகவதரும் கிருஷ்ணனும் நடிச்ச படம்னு போஸ்டரு. டிக்கட்டு எடுத்து உள்ள போறவன் கிருஷ்ணன் வாயைத் தொறந்ததும் சிரிக்கான். அதே ராத்திரி அதே கிருஷ்ணன் ஜெயில்ல பாயை விரிச்சுப் படுக்காரு. எங்க அப்பா சொல்லுவாரு, அந்தப் படத்துல சிரிச்சவனெல்லாம் கொட்டகையை விட்டு வெளிய வந்ததும் கேஸு என்னாச்சுன்னுதான் கேப்பானாம்.

மர்லின்கிட்ட அவன் தேடின அரை இஞ்சு இங்க முழுசா மூணு தீபாவளி நீளத்துக்குக் கிடக்கு. மூஞ்சி கொட்டகையில, ஆளு கம்பிக்கு உள்ள. இதை ஒருத்தனும் வரையல்லை மக்கா. வெளிய வந்த பொறவு நம்மாளு தளர்ந்துபோகல்லைங்கது வேற கதை. 49-ல ‘நல்லதம்பி’ எடுத்தாரு, பழைய மவுசு கொறையாம நின்னாரு, 57-ல போயிச் சேந்தாரு. பாகவதருக்கு அந்த யோகம் வாய்க்கல்லை.

அதனால வடசேரியில சொல்லி ஒரு சட்டம் வாங்கு. கம்ப்யூட்டரைத் தொடாதே, கையால இழு. ‘ஹரிதாஸ்’ காலத்து ஸ்டில்லு ஒண்ணைத் தேடிப் பிடி. ஆனா எடுத்தவனை முதல்ல விசாரிச்சுக்கோ. படம் போடும்போது ‘ஸ்டில்ஸ்’னு ஒரு பேரு ஓடும், நீயெல்லாம் அப்பம் பாப்கார்னு வாங்கப் போயிருப்பே. அமெரிக்காவுல பிரின்சுன்னு ஒரு பாட்டுக்காரனை லின் கோல்ட்ஸ்மித்னு ஒரு அம்மா எடுத்த போட்டோவை வச்சு வார்ஹோல் படம் பண்ணினான். அவன் செத்தது 1987-ல. வழக்கு 2023-ல சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு, ஏழு நீதிபதி அந்த அம்மா பக்கம், ரெண்டு பேரு மறுபக்கம். அவன் டிரஸ்டுல கோடி கோடியாத் துட்டு இருந்துது, வக்கீலு வச்சு வாதாடினாங்க. உங்கிட்ட ஒத்திக்கு வச்ச வயலுதான் இருக்கு.

ஸ்டில்லு கிடைச்சா 25 மூஞ்சியைக் கலர்ல அடி. சிரிப்புல பல்லு தெரியணும், பல்லுக்கு வெள்ளை அடிக்காதே, துணியை அப்படியே விடு. மத்த 25-ஐ ஒரே மையில, நடுவுல மை ஊத்தாம இழு. எத்தனாவதுல ஆளு மறையுகாருன்னு பாப்போம். பிளெக்ஸ்ல மட்டும் எடுத்துராதே.

அதை ஊருல வைக்கக் கொண்டுவருவேல்லா, அப்பம்தான் இருக்கு வேடிக்கை. அண்ணன் ஒருத்தரு வந்து, எல்லாம் நல்லாயிருக்கு தம்பி, மேல மூலையில தலைவரு படம் எங்கேன்னு கேப்பாரு. அவரு போனதும் இன்னொரு அண்ணன் வந்து வேற தலைவரைக் கேப்பாரு. ஒரே ஆளை எதுக்கு அம்பது தடவை போட்டே, மீதி 49-ல எங்க சங்கத்து ஆளுக போட்டோவைப் போட்டிருக்கலாம்லாம்பாரு செயலாளரு. உங்க பெரியம்மை, மூஞ்சியில மை அப்பியிருக்கே, தொடச்சுக் குடுக்கப்படாதான்னு ஈரத்துணியோட வருவா. யாருக்கும் பதில் சொல்லாதே. மேப்படியான் யாரு என்ன கேட்டாலும் ‘ஆமா’, ‘இல்லை’க்கு மேல வாயைத் தொறக்க மாட்டானாம், அந்த வித்தையையும் படிச்சு வச்சுக்கோ.

நன்கொடையாளர் யாருன்னு கேட்டா மட்டும் என் பேரைப் போடு. கொட்டை எழுத்துல, இனிஷியலோட. துட்டு நான் தரமாட்டேன்.